லைசென்ஸைக் கேட்கலாம், கைபேசியைத் திறக்கலாகாது

மண்டபத்தூரிலிருந்து ஒரு வாலிபன் மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு பொறையாற்றுக்குப் புறப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். பூவத்தைத் தாண்டி நண்டலாற்றுப் பாலத்தை நெருங்குகையில் போலீஸார் கை காட்டி நிறுத்துகிறார்கள். லைசென்ஸைக் கேட்கிறார்கள், காட்டுகிறான். பெட்டியைத் திறக்கச் சொல்கிறார்கள், திறக்கிறான். மீனும் ஐஸும் தவிர அதில் வேறொன்றுமில்லை. அத்துடன் வழி விட்டிருந்தால் நாம் இன்று எழுத வேண்டிய அவசியமே இராது. ஆனால் மூன்றாவதாக ஓர் உத்தரவு பிறக்கிறது: "செல்போனைக் கொடு, லாக்கை எடு."

அவன் கொடுத்துவிடுகிறான். காக்கி உடுப்பின் முன் நின்று யார்தான் மறுப்பார்கள்? முன்பின் அறியாத ஒருவருடைய விரல் அவனுடைய வாட்ஸப் சம்பாஷணைகளை மேலும் கீழும் தள்ளிப் பார்க்கிறது. மனைவி அனுப்பிய படம், நகைக் கடனுக்கு வட்டி கட்டச் சொல்லும் குறிப்பு, பிரான்ஸிலிருக்கும் மாமன் மகன் எழுதிய குடும்ப விஷயம், ஊர்ப் பஞ்சாயத்தைப் பற்றி முந்தின இரவு நண்பர்களிடம் மனம் விட்டுப் பேசிய பேச்சு, யாவும் நடுச்சாலையில் வெயிலில் விரித்து வைக்கப்படுகின்றன. ஐந்து நிமிஷத்திற்குப் பிறகு, "போ" என்கிறார்கள். அவன் போகிறான். ரசீது இல்லை, சாட்சி இல்லை, எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி எழுதப்படவில்லை.

இன்ன இடத்தில் இன்னார் இப்படிச் செய்தார் என்று நாம் எவர்மீதும் குற்றஞ்சாட்டவில்லை. எந்தச் சாலையிலும் எந்த நாளும் நடக்கக்கூடிய ஒன்றைக் கற்பித்துச் சொன்னோம். அந்த மூன்றாவது உத்தரவைப் பிறப்பிக்கும் அதிகாரத்தைப் போலீஸ்காரருக்கு எந்தச் சட்டம் கொடுத்தது என்பதே கேள்வி. சாதாரண வாகனச் சோதனையின்போது எந்தச் சட்டமும் கொடுக்கவில்லை என்பதே நமது பதில்.

எல்லைப்புறத்து ஜனங்கள்

இந்தக் கேள்வி எல்லா ஊர்களுக்கும் பொதுவானதே. ஆயினும் காரைக்கால் பிரதேசத்தாருக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக உறைக்க வேண்டும். வடக்கே மயிலாடுதுறை ஜில்லா, தெற்கே நாகப்பட்டினம் ஜில்லா, மேற்கே திருவாரூர் ஜில்லா, கிழக்கே கடல் என்று நான்கு புறமும் அடைபட்ட சிறு நிலம் நம்முடையது. பிரெஞ்சு ஆட்சி 1954-ஆம் வருஷத்தில் நீங்கிற்று. ஆனால் எல்லைகள் நீங்கவில்லை. கல்லூரிக்குப் போகும் மாணவன், மீன் விற்கப் போகும் ஸ்திரீ, பெண் கொடுத்த வீட்டுக்குப் போகும் கிழவர் ஆகிய எல்லோரும் அரை மணி நேரப் பிரயாணத்தில் இரண்டு சர்க்கார்களின் போலீஸாரைக் கடந்து போகிறார்கள். புதுச்சேரிப் பிரதேசத்தில் மது மலிவு. அது தமிழ்நாட்டுக்குள் கடத்தப்படாமலிருக்க எல்லையில் சாவடிகள் இருக்கின்றன. தெற்கே வாஞ்சூரிலும் இதுவே கதை. சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றுக்கு வரும் யாத்திரிகர் கூட்டத்தை முன்னிட்டும் சோதனைகள் நடக்கின்றன.

சோதனையே கூடாது என்று நாம் வாதிக்க வரவில்லை. கள்ளச் சரக்கைப் பிடிப்பது போலீஸாரின் கடமை. குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவனை நிறுத்துவது அவர்கள் ஜனங்களுக்குச் செய்யும் உபகாரம். ஆனால் சாராய பாட்டில் வாட்ஸப்புக்குள் இருப்பதில்லை. சோதனை எதற்காக ஏற்பட்டதோ அதன் எல்லையோடு நிற்க வேண்டும்.

சட்டம் சொல்வதென்ன?

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-ஆம் பிரிவு, உடுப்பணிந்த போலீஸ் உத்தியோகஸ்தர் கேட்டால் லைசென்ஸைக் காட்ட வேண்டும் என்று விதிக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 139-ஆவது விதி, பதிவுச் சான்று, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று முதலியவற்றையும் காட்டும்படி சொல்கிறது. 206-ஆம் பிரிவு தஸ்தாவேஜுகளைப் பிடித்து வைக்கவும், 207-ஆம் பிரிவு வண்டியையே நிறுத்தி வைக்கவும் சில சந்தர்ப்பங்களில் இடம் தருகின்றன. இத்தனை அதிகாரங்களை வரிசையாக எழுதிய சட்டம், கைபேசியின் உள்ளே பார்க்கலாம் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை.

வண்டி ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடித்துப் பேசுவது 184-ஆம் பிரிவின்படி அபாயகரமாக ஓட்டும் குற்றம். 2019-ஆம் வருஷத் திருத்தத்திற்குப் பின் முதல் குற்றத்திற்கு அபராதம் ரூ. 5,000 வரை போகலாம், சிறைவாசமும் விதிக்கலாம். அதைக் கண்ணால் கண்ட போலீஸ்காரர் வழக்குப் பதியட்டும். பேசினான் என்பது குற்றமேயொழிய, யாரிடம் என்ன பேசினான் என்பது குற்றமன்று. ஆகையால் உள்ளே புகுந்து பார்க்க இங்கேயும் காரணமில்லை.

இங்கே ஒரு சூக்ஷ்மத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 2018-ஆம் வருஷம் நவம்பரில் 139-ஆவது விதி திருத்தப்பட்டது. அது முதல் லைசென்ஸையும் பதிவுச் சான்றையும் டிஜிலாக்கர், எம்பரிவாஹன் முதலியவற்றின் வழியாகக் கைபேசியிலேயே காட்டலாம். நல்ல ஏற்பாடுதான், மழையில் நனையாது, வீட்டில் மறந்து போகாது. ஆனால் அன்று வரை சட்டைப் பையில் கிடந்த கருவி அன்று முதல் போலீஸ்காரரின் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. தாளைக் கொடுத்தால் தாளோடு போயிற்று. கைபேசியைக் கொடுத்தால் பூட்டுத் திறந்த வீட்டின் சாவியைக் கொடுத்ததாகிறது. "காட்டு" என்று சட்டம் சொல்கிறதே தவிர, "கைபேசியைக் கையில் ஒப்படை" என்று சொல்லவில்லை. அன்றியும், 2020-ஆம் வருஷம் அக்டோபர் முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, விவரங்களை மின்னணு முறையில் சரிபார்த்த பின் தாள் வடிவில் கேட்க வேண்டியதில்லை. வண்டியின் எண்ணைத் தம்முடைய கருவியில் தட்டிப் பார்த்துக்கொள்ளும் வசதி உத்தியோகஸ்தருக்கு உண்டாயிருக்கும்போது, நம்முடைய கருவி அவருக்கு எதற்கு?

"சம்மதித்தார்கள்" என்னும் சமாதானம்

2021-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் ஹைதராபாத்தில் நடந்ததை நம்மவர் மறந்திருக்கலாம். கஞ்சாவை ஒழிக்கப் புறப்பட்ட போலீஸார் தெருவில் போகும் மோட்டார் சைக்கிள்காரர்களை நிறுத்தி, கைபேசியை வாங்கி, வாட்ஸப்பில் "கஞ்சா" முதலிய சொற்களைத் தட்டித் தேடினார்கள். அந்தக் காட்சி படமாகப் பரவியது. தேசமெங்கும் கண்டனம் எழுந்தது. அப்போது ஓர் உயர்தர உத்தியோகஸ்தர் கூறிய சமாதானம் கவனிக்கத்தக்கது. யாரையும் நிர்ப்பந்திக்கவில்லை, யாரிடமிருந்தும் பிடுங்கவில்லை, ஜனங்கள் ஒத்துழைக்கிறார்கள், ஒருவரும் புகார் செய்யவில்லை, ஆகவே இதில் சட்டவிரோதம் இருப்பதாகத் தாம் கருதவில்லை என்றார் அவர்.

இது எவ்வளவு ஆபத்தான வாதம்! வண்டியின் சாவி ஒருவர் கையில், வழக்குப் போடும் கருவி இன்னொருவர் கையில், பிழைப்புக்கு நேரமாகிறது, சுற்றிலும் கூட்டம் நின்று வேடிக்கை பார்க்கிறது. இந்த நிலையில் ஒருவன் தலையசைப்பதற்குப் பெயர் சம்மதமா? மறுத்தால் "எதையோ மறைக்கிறான்" என்ற சந்தேகம். கொடுத்தால் "அவனே கொடுத்தான்" என்ற சாக்கு. மறுக்கும் சுதந்திரம் இருக்குமிடத்தில்தான் சம்மதம் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு.

1765-ஆம் வருஷத்திலேயே இங்கிலாந்தில் இது தீர்க்கப்பட்டது. மந்திரியின் உத்தரவோடு அரசரின் சேவகர்கள் எண்டிக் என்பவரின் வீட்டில் நுழைந்து அவருடைய காகிதங்களை வாரிப்போனார்கள். அவர் வழக்குத் தொடர்ந்தார். அந்த அதிகாரம் சட்டப் புத்தகத்தில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டார் பிரதம நீதிபதி காம்டென் பிரபு. காட்ட முடியவில்லை. சட்டத்தில் இல்லாத அதிகாரம் அதிகாரமே அன்று என்று தீர்ப்பாயிற்று. குதிரை வண்டிக் காலத்தில் அந்நிய நாட்டுப் பிரஜைக்குக் கிடைத்த நியாயம் சுதந்திர பாரதத்தின் பிரஜைக்குக் கிடைக்கக் கூடாதா?

பையா, வீடா?

போலீஸார் தரப்பில் ஒரு வாதம் உண்டு. பையைச் சோதிக்கிறோம், பெட்டியைச் சோதிக்கிறோம், கைபேசியும் ஒரு பொருள்தானே என்பது. அமெரிக்காவில் இந்த வாதம் ஸுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. அந்த வழக்கும் வாகனச் சோதனையில் ஆரம்பித்தது என்பதுதான் விசேஷம். 2009-ஆம் வருஷத்தில் ஸான் டியாகோ நகரில், பதிவுக் காலம் கடந்த காரை ஓட்டியதற்காக ரைலி என்பவர் நிறுத்தப்பட்டார். லைசென்ஸும் தடைப்பட்டிருந்தது. காரைப் பிடித்துச் சோதித்ததில் துப்பாக்கிகள் அகப்பட்டன. பிறகு அவருடைய கைபேசியைத் திறந்து, அதிலிருந்த படங்களையும் குறிப்புகளையும் கொண்டு வேறொரு பெரிய வழக்கைச் சேர்த்தார்கள். 2014-ஆம் வருஷம் ஜூன் 25-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகளும் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: கைது செய்யப்பட்டவனாயினும், அவனுடைய கைபேசியின் உள்ளே பார்க்க வாரண்டு வேண்டும், உயிருக்கு ஆபத்து போன்ற அவசர நிலைமையே விதிவிலக்கு. சட்டைப் பையும் கைபேசியும் ஒன்று என்பது, குதிரைச் சவாரியும் சந்திர மண்டலப் பிரயாணமும் ஒன்று என்பது போல என்று பிரதம நீதிபதி ராபர்ட்ஸ் பரிகசித்தார்.

அந்த ரைலி யோக்கியர் என்பதற்காக இத்தீர்ப்பு அளிக்கப்படவில்லை. காரில் ஆயுதத்தோடு பிடிபட்டவருக்கே வாரண்டு வேண்டுமென்றால், ஹெல்மெட் அணிய மறந்தவனுக்கும், மீன் பெட்டியோடு போகிறவனுக்கும் வேண்டாமா?

நமது கோர்ட்டுகளின் போக்கு

நம் தேசத்திலும் வழி தெளிவாகி வந்திருக்கிறது. 1962-ல் கரக் சிங் வழக்கில், போலீஸார் இரவில் வீட்டுக் கதவைத் தட்டும் வழக்கத்தை ஸுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. ஆனால் அந்தரங்கம் என்று தனியாக ஓர் உரிமை அரசியல் சட்டத்தில் இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். முன்பு சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியாயிருந்த சுப்பராவ் அதை ஒப்பவில்லை. அந்தரங்கம் இல்லாத சுதந்திரம் சுதந்திரமாகாது என்ற கருத்தைத் தனித் தீர்ப்பில் எழுதினார். அது நிலைநாட்டப்பட ஐம்பத்துநான்கு வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. 2017-ஆம் வருஷம் ஆகஸ்டு 24-ஆம் தேதி புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் 21-ஆவது ஷரத்தின் உயிர்நாடியான அடிப்படை உரிமை என்று ஒருமுகமாகத் தீர்த்தார்கள். அதில் சர்க்கார் தலையிட வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும்; நியாயமான நோக்கம் இருக்க வேண்டும்; நோக்கத்துக்குத் தக்க அளவோடு நிற்க வேண்டும். சாலையோரத்தில் கைபேசியைத் திறப்பது முதல் படியிலேயே தவறி விழுகிறது. அதற்குச் சட்டமே கிடையாது.

வேறொரு வகையிலும் இதை அளந்து பார்க்கலாம். ஒருவருடைய தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்க வேண்டுமானால், சாதாரணமாக உள்துறைச் செயலாளரின் எழுத்துமூல உத்தரவு வேண்டும். பொது அவசரநிலையோ பொதுஜனப் பாதுகாப்போ காரணமாயிருக்க வேண்டும். மறுபரிசீலனைக் கமிட்டியொன்று அதைப் பார்வையிட வேண்டும். 1996-ஆம் வருஷத்து ஸுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பிலிருந்து வளர்ந்த முறை இது. 2025-ஆம் வருஷம் ஜூலை 2-ஆம் தேதி சென்னை ஹைகோர்ட்டு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த முறை தவறி 2011-ல் பிறந்த ஓர் ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்து, அதன்மூலம் கிடைத்த சம்பாஷணைகளை எதற்கும் உபயோகிக்கலாகாது என்று தீர்ப்பளித்தார். சென்னை ஹைகோர்ட்டின் அதிகார எல்லைக்குள் காரைக்காலும் அடங்கியது என்பதை நம் உத்தியோகஸ்தர்கள் நினைவில் வைப்பது நலம். நாளைக்குப் பேசப்போகும் நாலு வார்த்தைகளைக் கேட்க உள்துறைச் செயலாளர் கையெழுத்திட வேண்டும். நாலு வருஷமாகப் பேசி முடித்த அத்தனையையும் படிக்க ஒரு கான்ஸ்டேபிளின் கையசைவு போதுமா? இந்த அசம்பாவிதத்தை எந்த நியாயஸ்தரும் ஏற்கமாட்டார்.

பூட்டைத் திறக்கும் இரகசிய எண்ணைச் சொல்லும்படி நிர்ப்பந்திக்கலாமா என்பதில் கோர்ட்டுகளுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. அதைச் சொல்வது தனக்கெதிராகச் சாட்சி சொல்வதாகாது என்று கர்நாடக ஹைகோர்ட்டு 2021-ல் கருதியது, டில்லியில் ஸி.பி.ஐ. விசேஷக் கோர்ட்டு 2022-ல் மாறாகக் கருதியது. எனினும் கர்நாடகத் தீர்ப்புங்கூட, கைபேசியைச் சோதிக்க வாரண்டு வேண்டும், அவசரத்தில் வாரண்டின்றிச் சோதித்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்றே விதித்தது. இவை இரண்டும் வழக்குப் பதிவான பிறகு எழுந்த சர்ச்சைகள். வழக்கே இல்லாமல் சாலையில் போகிறவனைப் பிடித்துக் கேட்கலாம் என்று எந்தக் கோர்ட்டும் இவற்றில் சொல்லவில்லை.

போலீஸாரின் கஷ்டங்கள்

போலீஸாருக்கும் நியாயமான கஷ்டங்கள் உண்டு. கஞ்சாவும் மாத்திரைகளும் நம் பிள்ளைகளைக் கெடுத்து வருவதை நாமும் காண்கிறோம். விற்பவனும் வாங்குபவனும் கைபேசியிலேயே பேரம் பேசுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தையே எடுத்துப் பாருங்கள். மிகக் கடுமையான சட்டம் அது. தக்க காரணமிருந்தால் பொது இடத்தில் வாரண்டின்றிச் சோதிக்கவும் இடந்தருகிறது. அப்படிப்பட்ட சட்டத்தின் 50-ஆம் பிரிவுங்கூட, ஒருவனுடைய உடலைச் சோதிக்குமுன், "கெஜட்டட் உத்தியோகஸ்தர் அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கும்படி கேட்க உமக்கு உரிமை உண்டு" என்று தெரிவிக்கக் கட்டளையிடுகிறது. இடுப்புத் துணியைத் தொடுவதற்கு இத்தனை மரியாதை உண்டு. மனத்தின் உள்ளறையைத் திறப்பதற்கு ஒன்றுமில்லையா?

திருட்டுக் கைபேசியைக் கண்டுபிடிக்க வேண்டுமென்பார்கள். ஒவ்வொரு கருவிக்கும் பதினைந்து இலக்க அடையாள எண் உண்டு. உடைமையாளரே அதைத் திரையில் வரவழைத்துக் காட்டலாம். திருட்டுப் போன கருவிகளின் மத்தியப் பதிவேடு 2023 முதல் தேசமெங்கும் அமலில் இருக்கிறது. எண்ணை ஒப்பிட்டால் போதும். எழுதியதைப் படிக்க வேண்டியதில்லை. விபத்தில் உயிர் போய், ஓட்டியவன் அப்போது பேசிக்கொண்டிருந்தானா என்று அறிய வேண்டுமானால், கம்பெனியிடமிருந்து அழைப்புப் பட்டியலைச் சட்டப்படி வரவழைக்கலாம். மெய்யான சந்தேகம் இருந்து கருவியைக் கைப்பற்ற வேண்டியிருந்தால், பாரதீய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 106-ஆம் பிரிவின்படி கைப்பற்றி மாஜிஸ்திரேட்டுக்கு அறிவிக்கட்டும். அதே சம்ஹிதையின் 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுவதையும் ஒலி ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. அதற்குக் கைபேசியையே உபயோகிப்பது நல்லது என்றும் சொல்கிறது. ஆம், சோதனை நேரத்தில் சட்டம் நாடும் கைபேசி பிரஜையினுடையதன்று, போலீஸாருடையது! நேர்வழி இத்தனை இருக்கையில் குறுக்கு வழி ஏன் என்பதே நாம் கேட்பது.

உரிமை உண்டு; பரிகாரம் எங்கே?

இதுவரை சொன்னதைக் கேட்டு வாசகர்கள் திருப்தியடைந்துவிடக் கூடாது. நோயின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் முறைதவறிக் கைப்பற்றிய சாட்சியம் பெரும்பாலும் கோர்ட்டுக்கு வெளியே தள்ளப்படும். நம் தேசத்தில் அப்படியில்லை. 1973-ஆம் வருஷம் டிசம்பரில் பூரண்மல் வழக்கில், சோதனை சட்டவிரோதமானாலும் அதில் கிடைத்த சாட்சியம் விஷயத்துக்குப் பொருத்தமானால் ஏற்கலாம் என்று ஸுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. இதன் பலன் என்ன? முறைதவறித் திறந்த கைபேசியில் ஏதேனும் அகப்பட்டால் போலீஸாருக்கு லாபம், அகப்படாவிட்டால் நஷ்டமில்லை. நஷ்டமெல்லாம் வழிப்போக்கனுக்கே. மேலே சொன்ன சென்னைத் தீர்ப்பு ஒரு புது வாசலைத் திறந்திருக்கிறது. அது ஒட்டுக்கேட்பு வழக்கில் மட்டும் நின்றுவிடாமல் கைபேசிக்கும் விரிய வேண்டும்.

2024-ஆம் வருஷம் ஜூலை முதல் அமலிலுள்ள சம்ஹிதையின் 94-ஆம் பிரிவு, பழைய சட்டத்தில் இல்லாதபடி, "தகவல் தொடர்புக் கருவிகள்" என்பதையும் வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டது. போலீஸ் ஸ்டேஷன் பொறுப்பாளரே எழுத்துமூலம் உத்தரவிட்டு அவற்றைக் கொண்டுவரச் சொல்லலாம். மாஜிஸ்திரேட்டின் அனுமதி தேவையில்லை. சாலையில் நிற்கும் கான்ஸ்டேபிளுக்கு இது இடந்தராது என்பது உண்மையே. ஆயினும் ஒரு மனிதனின் முழு வாழ்க்கையும் அடங்கிய கருவியை ஒரு பழைய கணக்குப் புத்தகத்தோடு ஒன்றாக எண்ணிச் சட்டம் செய்துவிட்டார்கள்.

இதற்கு மாற்றாக நல்ல முறையொன்று நம் கண்முன்னேயே இருக்கிறது. வக்கீல்களுக்குப் போலீஸார் சம்மன் அனுப்புவதைப் பற்றி ஸுப்ரீம் கோர்ட்டு 2025-ஆம் வருஷம் அக்டோபர் 31-ஆம் தேதி தீர்ப்பளித்தது. வக்கீலின் கருவியை 94-ஆம் பிரிவின்படி கேட்டால், அதைக் கோர்ட்டின் முன்தான் ஆஜர்ப்படுத்த வேண்டும். கட்சிக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபணைகளைக் கேட்க வேண்டும். திறப்பதானால் வக்கீலும் கட்சிக்காரரும் முன்னிலையிலிருக்க, அவர்கள் விரும்பிய நிபுணரின் உதவியோடு திறக்க வேண்டும் என்று அதில் விதித்தார்கள்.

நாமும் வக்கீல் தொழில் செய்தவர்தாம். இந்தப் பாதுகாப்பை அனுபவிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர்தாம். ஆகவே இதைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. வக்கீலின் கைபேசியில் கட்சிக்காரனின் இரகசியம் இருக்கிறது; அதற்குக் காவல் வேண்டும்; சரி. மண்டபத்தூர் மீனவனின் கைபேசியில் அவனுடைய குடும்பத்தின் இரகசியம் இருக்கிறது. அவனுடைய மனைவி அந்தப் படத்தைப் போலீஸ்காரருக்காகவா அனுப்பினாள்? வக்கீலுக்குக் கோர்ட்டும் நிபுணரும் சாட்சியும்; வலைஞனுக்கு நடுச்சாலையும் வேடிக்கைக் கூட்டமுமா? ஒரே தேசத்தில் இரண்டு நியாயம் நெடுநாள் நிலைக்காது.

குற்றமற்றவனுக்கு என்ன பயம்?

"மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை" என்று சிலர் சொல்வார்கள். மடியில் பிறர் கனத்தை வைக்கக்கூடும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். புதுச்சேரிக்கு இது புதிதன்று. பிரிட்டிஷ் வேவுகாரர்கள் தேசபக்தர்களைச் சூழ்ந்திருந்த காலத்தில், 1912-ல், வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் ராஜத்துரோகக் காகிதங்களை ஒரு ஜாடியில் அடைத்துப் போட்டுவிட்டார்கள். தண்ணீர் இறைக்கும்போது அது தற்செயலாக மேலே வந்தது. ஐயரும் நண்பர்களும் அதை மறைக்காமல் பிரெஞ்சுப் போலீஸாரிடம் தாங்களே அறிவித்தார்கள். பின்னர் பிரெஞ்சு மாஜிஸ்திரேட் ஒருவர் நேரில் வந்து வீடுகளைச் சோதித்தார். குற்றம் ஒன்றும் அகப்படவில்லை. அன்று அவர்களைக் காத்தது அவர்களுடைய முன்யோசனையும், சோதனை ஒரு நீதிமுறையில் நடந்ததுமே.

இன்றைய கிணறு கைபேசி. ஜாடியைப் போட இரவு வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தட்டில் ஒரு செய்தியை அனுப்பலாம், ஒரு படத்தைச் சேர்க்கலாம், ஒன்றை அழிக்கலாம். பீமா கோரேகான் வழக்கில் கைப்பற்றிய ஒரு கணினிக்குள் வெளியாரே கோப்புகளைப் புகுத்தியிருக்கிறார்கள் என்று அர்ஸனல் என்ற அமெரிக்க நிபுணர் ஸ்தாபனம் 2021-ல் அறிக்கை வெளியிட்டது நினைவிருக்கலாம். சாட்சியில்லாமல் பிறர் கையில் ஐந்து நிமிஷம் இருந்த கைபேசிக்கு யார் உத்தரவாதம்? இது போலீஸாருக்கும் பொருந்தும். முறையாகக் கைப்பற்றாத கருவியிலிருந்து எடுத்த சாட்சியத்தை, எதிர்தரப்பு வக்கீல் முதல் கேள்வியிலேயே சந்தேகத்துக்குரியதாக்கிவிடுவார். முறைமை பிரஜையைக் காப்பது போலவே நேர்மையான போலீஸ்காரரையும் காக்கிறது.

பொது வாழ்வில் ஈடுபட்டவர்கள் இதைத் தங்கள் சொந்த விஷயமாகவே கருத வேண்டும். ஒரு தொண்டனின் கைபேசியில் அவன் ஒருவனுடைய இரகசியம் மட்டும் இல்லை. சங்க அங்கத்தினர் பெயர்கள், கூட்டத்துக்கு வருவோர் பட்டியல், உதவி செய்தோர் விவரம், புகார் கொடுக்க அஞ்சி இரகசியமாகச் சொன்ன ஏழையின் குரல் யாவும் அதில் உண்டு. ஒருவன் திறந்து காட்டினால் நூறு பேரைக் காட்டிக்கொடுத்தவனாகிறான்.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, புதுச்சேரிப் போலீஸ் தலைமை, வாகனச் சோதனையில் எவருடைய கைபேசியையும் கையில் வாங்கவோ, திறக்கச் சொல்லவோ, உள்ளே பார்க்கவோ கூடாது என்று ஒரு பக்க உத்தரவைப் பிறப்பித்து, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சாவடியிலும் தமிழில் ஒட்ட வேண்டும். எல்லைக்கு அப்பாலுள்ள தமிழ்நாட்டு அதிகாரிகளும் அவ்வாறே செய்ய வேண்டும். பாலத்தின் இக்கரையில் ஒரு முறையும் அக்கரையில் வேறு முறையும் இருப்பது தகாது. இதற்கு ஒரு காசும் செலவில்லை. புதுச் சட்டமும் வேண்டியதில்லை.

இரண்டாவதாக, பார்லிமெண்டு 94-ஆம் பிரிவைத் திருத்தி, கைபேசியின் உள்ளே பார்க்க நீதிபதியின் வாரண்டு வேண்டும் என்றும், முறைதவறி எடுத்ததைச் சாட்சியமாக ஏற்கலாகாது என்றும் விதிக்க வேண்டும். நம் பிரதிநிதிகளிடம் இதைக் கேட்டு வற்புறுத்துவது நம் கடமை.

மூன்றாவதாக, ஜனங்கள் தங்கள் உரிமையை மரியாதையோடு உபயோகிக்கப் பழக வேண்டும். நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். தஸ்தாவேஜுகளைக் காட்டுங்கள், கைபேசியில் காட்டுவதானால் உங்கள் கையிலேயே வைத்துக் காட்டுங்கள். தாள் பிரதியொன்றை வண்டியில் வைத்திருப்பது அதைவிட உத்தமம். உள்ளே பார்க்க வேண்டுமென்றால், "எந்தச் சட்டத்தின்படி, எழுத்துமூலம் உத்தரவு உண்டா?" என்று அமைதியாகக் கேளுங்கள். வாயால் மறுப்பது குற்றமன்று. ஆனால் கையைத் தட்டிவிடுவது, தள்ளுவது, ஓடுவது கூடாது; பாரதீய நியாய சம்ஹிதையின் 221-ஆம் பிரிவு முதலியவற்றின் கீழ் கடமைக்கு இடையூறு செய்ததாக வழக்குப் போட அது வசதியாகிவிடும். பிடுங்கிக்கொண்டால் ரசீது கேளுங்கள்; இடம், நேரம், உடுப்பிலுள்ள பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள்; மேலதிகாரிக்கு எழுத்துமூலம் புகார் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லையென்றால் ஹைகோர்ட்டின் கதவு இருக்கிறது.

ஊருக்கு ஒருவர் இப்படிச் செய்தால் போதும். ஹைதராபாத்தில் கேட்ட சமாதானத்தின் கடைசி வார்த்தை "ஒருவரும் புகார் செய்யவில்லை" என்பதுதான். அந்த வார்த்தையை இனி எந்த உத்தியோகஸ்தரும் சொல்ல முடியாதபடி செய்வது நம் கையில் இருக்கிறது.

மண்டபத்தூர் வாலிபன் நாளைக் காலையிலும் நண்டலாற்றைத் தாண்டத்தான் போகிறான். அவனுடைய லைசென்ஸைப் பார்க்கட்டும். பெட்டியைப் பார்க்கத் தக்க காரணமிருந்தால் அதையும் பார்க்கட்டும். அத்துடன் வழி விடட்டும். மீன் கெட்டுப்போகுமுன் அவன் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும்.